எனிட் வெட்ட மறுத்த கேக்

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தானியக் கூடத்தின் மாடி குலுங்கினால் மார்ஷ்விக்கில் யாரும் நிலநடுக்கம் என்று தெருவுக்கு ஓடமாட்டார்கள். "'ப்ரவுட்' கிளம்பிட்டான், 'ஆஃப்'பைத் தேடி ஓடறான்" என்று சொல்லிவிட்டு, டீக்கோப்பை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். கீழ்த்தளத்து ரொட்டிக்கடைக்காரர் அந்த ஒரு மணி நேரம் மாவு பிசைவதே இல்லை. தட்டில் வைத்தால் போதும், அதிர்வில் தானாகப் பிசைந்துகொள்ளும் என்பார். இதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம்தான்.

குலுங்கலுக்குக் காரணம் எனிட் சல்லபாங்க். எழுபதைத் தாண்டியவள், குடை உயரம் இருப்பாள், குரல் மட்டும் அடுத்த ஊர் மாதா கோயில் வரை போகும். எங்கள் பக்கத்து வயல்களில் முட்டைக்கோஸ் அடுக்கவும் பூச்செடிக் கிழங்கு பொறுக்கவும் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன்பிருந்தே அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஊர்க் கல்யாணத்திலும் அறுவடை விருந்திலும் ஆட்டத்துக்குக் குரல் கொடுப்பாள். ஆட்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்திவிட்டு, மேலே ஒருத்தர் நின்று "கையைப் பிடி, சுத்து, நடுவால ஓடு" என்று கத்தவேண்டும். கத்தாவிட்டால் எங்கள் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார்கள், முட்டியபின் சுவரிடம் மன்னிப்பும் கேட்பார்கள்.

இரண்டு வேலையையும் ஒன்றாக்கியது அடெலினோ. போர்ச்சுகல்காரன், பனைமரம் மாதிரி ஆள். இங்கிலீஷில் குணத்தையும் மனசையும் சொல்கிற சொல் ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு பொடிச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நிற்கும். 'குட்' என்றால் 'அட்'. 'ப்ரவுட்' என்றால் 'ஆஃப்'. 'கீன்' என்றால் 'ஆன்'. எதற்கு எது என்பதை அடெலினோ மூன்று மாதம் மனப்பாடம் செய்தான், மூன்று மாதமும் மாற்றி மாற்றிச் சொன்னான். ஒருநாள் மேசையைக் குத்திவிட்டான்.

"ஏன் டீச்சர்? 'குட்'டுக்கு ஏன் 'அட்'? 'இன்' வந்தா என்ன குறைஞ்சு போச்சு? ஒரு காரணம் சொல்லுங்க!"

"உங்க அக்கா எதுக்கு அந்த ஆளைக் கட்டிக்கிட்டா?" என்றாள் எனிட்.

அடெலினோ யோசித்தான். "அது இன்னிவரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் புரியல."

"கட்டிக்கிட்டாளா இல்லையா?"

"கட்டிக்கிட்டா."

"அவ்வளவுதான். எழுந்திரு."

அன்றைக்கே முட்டைக்கோஸ் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொல்லை எழுதி, ஆளுக்கொன்றாக ஊக்கால் நெஞ்சில் குத்தினாள். குணமும் மனசும் ஒரு வரிசை, பொடிச் சொற்கள் எதிர்வரிசை. கிளெம் துருத்திப்பெட்டியை, அதாவது அக்கார்டியனை, வாசித்தார். கிளெம் அவளுடைய ஆட்டங்களுக்கெல்லாம் பக்கவாத்தியம், தபால் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறப்பது துருத்திப்பெட்டி திறக்காத நேரத்தில் மட்டும். எனிட் மேசைமேல் ஏறி "ப்ரவுட்!" என்று கத்துவாள். 'ப்ரவுட்' எதிர்வரிசைக்கு ஓடி 'ஆஃப்'பின் கையைப் பிடித்து, இருவரும் நடுவால் தடதடவென்று ஓடவேண்டும். ஓடும்போது அந்த ஜோடியை வைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். வாக்கியம் உண்மையாக இருக்கவேண்டும். பொய் சொன்னால் திரும்ப ஓடு.

இதில் 'ஆஃப்' பாவப்பட்ட பிறவி. பெருமைக்கு அவள்தான், பயத்துக்கு அவள்தான், பொறாமைக்கு, அலுப்புக்கு, பிரியத்துக்கு எல்லாவற்றுக்கும் அவளையே இழுப்பார்கள். அதனால் வகுப்பில் யாருக்குக் கால் உறுதியோ அவரே 'ஆஃப்'. அது ரசா. லித்துவேனியாக்காரி, நாள் முழுக்க ரப்பர் பூட்சில் நின்று கோஸ் அடுக்குகிறவள். "அங்க நிக்கறதுக்குக் காசு, இங்க ஓடறது இலவசம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடுவாள்.

'டு' வேறு ரகம். அவன் பெரும்பாலும் ஒரு வினைச்சொல்லைக் கைகோத்து அழைத்துக்கொண்டுதான் விருந்துக்கு வருவான். 'ரெடி' என்று எனிட் கத்தினால் 'ரெடி'யும் 'டு'வும் 'ஹெல்ப்'பும் மூன்று பேராகக் கோத்துக்கொண்டு ஓடவேண்டும். அந்த மூவர் ஓட்டத்துக்குத்தான் ரொட்டிக்கடையில் மாவு தானாகப் பிசைந்துகொள்ளும்.

மூவர் ஓட்டம் முடிந்ததும் எனிட் மேசைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி ஒரு எச்சரிக்கை கொடுப்பாள்.

"கேட்டுக்கங்க என் வாத்துகளா." எங்கள் பக்கத்தில் பாசம் பொங்கினால் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க ஆளுங்க எந்தக் காரியத்தையும் நேரா சொல்ல மாட்டாங்க. முன்னாடி ஒரு மனசை அனுப்புவாங்க. சந்தோஷம்பாங்க, வருத்தம்பாங்க, பெருமைம்பாங்க. அது பஞ்சு மெத்தை. அப்புறம் 'டு' வரும். அதுக்கும் பின்னாடிதான் கத்தி வரும். மெத்தையைப் பாத்து மயங்காதீங்க. காதை எப்பவும் 'டு'வுக்குப் பின்னாடி வைங்க."

ஒரு செவ்வாய் அந்த எச்சரிக்கையைச் சொல்லி முடித்து வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் ஜைல்ஸ் பெம்பர்தி.

ஊரின் முதியோர் கல்வி மையத்துக்குப் புதுத் தலைவர். அழகான கழுத்துப்பட்டை, சீப்பு பட்ட தலை, நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனிட்டுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்று கைதட்டினார்.

"அற்புதம் மிசஸ் சல்லபாங்க்! எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. உங்ககிட்ட இதைச் சொல்றதுக்கு எங்களுக்கெல்லாம் ரொம்ப, ரொம்ப சந்தோஷமா இருக்கு..."

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் காதைக் கூர்மையாக்கியது. ரசா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"...அடுத்த செவ்வாய் உங்களுக்காக ஒரு சின்ன டீ விருந்து வைக்கறோம். கேக் உண்டு. எல்லாரும் வாழ்த்து அட்டையில கையெழுத்துப் போட்டாச்சு. மாவட்ட மன்றத்துலேருந்து லோர்னா டிட்ஸ்வெல் மேடமே வர்றாங்க. புது ஏற்பாட்டுக்கு அன்னிக்கே ஒப்புதல் கொடுத்துடுவாங்க."

"புது ஏற்பாடா?"

"திரை! இவங்க எல்லாரும் வீட்டுலேருந்தே படிக்கலாம். சரியான சொல்லைத் தொட்டா ஒரு முயல் வந்து சபாஷ் சொல்லும். இந்தத் தளம், இந்தக் கணுக்கால்கள், காப்பீடு... உங்களுக்குப் புரியும். நீங்களும் ஓய்வெடுக்கலாம்."

"நான் ஓய்வு கேட்டேனா தம்பி?"

"கேக்கவே மாட்டீங்க. அதுதான் உங்க பெருந்தன்மை" என்று நெகிழ்ந்து போய்ச் சொல்லிவிட்டு ஜைல்ஸ் போய்விட்டார்.

ரசா அடெலினோவைப் பார்த்தாள். "'டு'வுக்குப் பின்னாடி என்ன வந்துச்சு?"

"டீ வந்துச்சு. கேக் வந்துச்சு. நல்ல விஷயம்தானே?"

எனிட் மேசையிலிருந்து இறங்கினாள். கேக் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

வெளியூர்க்காரனான அடெலினோவுக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்வது கிடையாது. அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் பிறக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கேக் வாங்குவார்கள். கேக்கை வெட்டியவர் போய்விட்டவர். அதற்குமேல் பேச்சில்லை, முறையீடில்லை. பெரிய நூலகத்து மிஸ்டர் ஓல்டர்ஷா பல் பிடுங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். மேசையில் கேக் இருந்தது, சுற்றி ஆட்கள் புன்னகையோடு நின்றார்கள். தாடை வீங்கிய மனிதர், மறுக்க வாயும் வராமல் கத்தியை எடுத்து வெட்டிவிட்டார். உண்மையில் அந்தக் கேக் மாடியில் கணக்குப் பார்த்த வேறொருத்தருக்கு. அதனால் என்ன? வெட்டியாயிற்றே. ஓல்டர்ஷா அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கணக்குப் பார்த்தவர் இன்றுவரை மாடியில் உட்கார்ந்திருக்கிறார், ஒருவருக்கும் அவரைப் போகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை கிளெம் எனிட்டின் சமையலறையில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கை வெட்டாம விட்டா என்ன ஆகும்?" என்றாள் எனிட்.

கிளெமின் பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. "யாரு வெட்டாம விட்டிருக்கா?"

"அதனாலதான் கேக்கறேன்."

"எல்லாரும் சுத்தி நிப்பாங்களே எனிட். சிரிச்சிக்கிட்டே நிப்பாங்களே. கத்தியை நீட்டுவாங்களே."

"நீட்டட்டும். எனக்குச் செவ்வாய்க்கிழமை வேணும் கிளெம். அது போச்சுன்னா வாரத்துல மிச்சம் இருக்கறது அத்தனையும் திங்கக்கிழமைதான். அந்தப் புள்ளைங்களும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து முயலைத் தொட்டுக்கிட்டு இருக்கும். முயலுக்கு எதிர்ல நின்னு யாராவது உண்மை பேசுவாங்களா? நான் கத்தியைத் தொட மாட்டேன். நீ துருத்திக்கு எண்ணெய் போட்டு வை."

அந்தச் செவ்வாய் தூறலோடு விடிந்தது, தூறலோடேயே மதியமும் ஆயிற்று. எனிட்டும் வகுப்பும் மூன்று மணிக்குப் போனபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. 'தளம் பரிசோதனையில் இருப்பதைத் தெரிவிக்க வருந்துகிறோம்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"வருத்தம், 'டு', அப்புறம் பூட்டு" என்றாள் ரசா.

"நல்லாப் படிச்சிட்ட" என்றாள் எனிட்.

கீழே கூடத்தின் அகன்ற வாசலில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, கேக் வைத்திருந்தார்கள். அதன்மேல் இளஞ்சிவப்புச் சர்க்கரையில் எனிட்டின் பெயர் வளைந்து ஓடியது. பக்கத்தில் கத்தி, கத்திக்கு ரிப்பன். ஜைல்ஸ் உள்ளே டீக் கெண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனிட் மேசையைச் சுற்றிக்கொண்டு, கத்தியின் பக்கம் திரும்பாமல், நேரே சதுக்கத்துக்கு நடந்தாள்.

சதுக்கத்தின் நடுவில் வெண்ணெய் மண்டபம். நான்கு பக்கமும் திறந்த கல்தூண்கள், மேலே ஒரு கூரை, சுற்றிலும் படிகள். எனிட் மேல்படியில் ஏறினாள்.

"இங்கயேவா டீச்சர்? எல்லாரும் பாப்பாங்களே" என்றான் அடெலினோ.

"பாக்கட்டும். அட்டையைக் குத்து. கிளெம், ஆரம்பி."

இரண்டு வரிசை எதிரெதிரே நின்றது. மண்டபத்துக்குள் இடம் போதாமல் வரிசையின் வால் தூறலில் நீண்டு, தானியக் கூடத்து வாசல் பக்கம் வரை போயிற்று. எனிட் மூச்சை இழுத்து முதல் சொல்லைக் கத்தப் போனாள். அப்போதுதான் அது நடந்தது. எங்கள் இங்கிலீஷ்கார நாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் நடக்க வழியில்லாதது.

சக்கரப்பையை இழுத்துக்கொண்டு மிசஸ் கவ்ட்ராய் என்ற அம்மாள் சதுக்கத்தைக் கடந்தாள். மீன் வாங்கப் போகிறவள். ஒழுங்காக நிற்கும் வரிசையைப் பார்த்தாள், சற்றுத் தள்ளி ஒரு கேக்கையும் பார்த்தாள். கால் தானாக நின்றது. மெல்ல வந்து வரிசையின் கடைசியில், ரசாவின் பின்னால் நின்றுகொண்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு முடிதிருத்துபவர் வந்து நின்றார். "என்ன கொடுக்கறாங்க?"

"தெரியல வாத்தே. ஆனா வரிசை நல்ல வரிசையாத் தெரியுது."

"கேக்கா இருக்கும்."

"கேக்குக்கு எதுக்கு ரெண்டு வரிசை?"

"ஒண்ணு பாலாடையோட, ஒண்ணு இல்லாம."

அது போதும். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ்ஸை மறந்துவிட்டு வந்தார்கள். பஸ் வந்தது, ஓட்டுநர் வரிசையைப் பார்த்தார், இறங்கி வந்து நின்றார். பாதிரியார் வந்தார். சவ ஊர்வலம் ஒன்று அந்த வழியாகப் போனது, அதில் பின்னால் வந்த உறவுக்காரர்கள் இருவர் நழுவி வந்து நின்றதாகவும் சொல்வார்கள். கால்மணி நேரத்தில் வரிசையின் வால் மீன்கடையைத் தாண்டி, வங்கியைத் தாண்டி, ஆற்றுப்பாலத்தில் ஏறிவிட்டது. அங்கே இரண்டு அன்னங்கள் கரையேறி வந்து கடைசியில் நின்றன என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அன்னங்களும் எங்கள் ஊர்தானே, அவற்றுக்கு மட்டும் முறை தெரியாதா?

ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண்மணியும் சிவப்புக் குடையோடு வந்தாள். "தானியக் கூடத்துக்குப் போகணும், இதுதான் வரிசையா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் இதுலதான் நிக்கறோம்" என்றார் முடிதிருத்துபவர், சத்தியமாக.

சிவப்புக் குடையும் நின்றுகொண்டது. அவள்தான் மாவட்ட மன்றத்து லோர்னா டிட்ஸ்வெல். எனிட்டுக்கு அது தெரியாது. அவள் மேல்படியில் நின்று, நீண்டுகொண்டே போகும் வரிசையைக் கண்ணால் அளந்தாள். பிறகு ரசாவைக் கையசைத்து வரவழைத்து, அவள் பக்கம் குனிந்தாள்.

"அட்டை எத்தனை இருக்கு?"

"பெட்டி நிறைய இருக்கு டீச்சர். நான் கோஸ் அடுக்கற இடத்துல கேட்டா இன்னும் தருவாங்க."

"எழுது. எல்லாருக்கும் குத்து."

"இவங்க ஆட வரலையே டீச்சர். கேக்குக்கு வந்திருக்காங்க."

"வரிசையில நிக்கறாங்கல்ல? வரிசையை விட்டு யாரும் போக மாட்டாங்க. நீ குத்திப் பாரு."

ரசா குத்தினாள். யாரும் மறுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வரிசையில் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் பழக்கம். மிசஸ் கவ்ட்ராய்க்கு 'ஃபாண்ட்'. பாதிரியாருக்கு 'ஜெலஸ்'. பஸ் ஓட்டுநருக்கு 'லேட்'. சிவப்புக் குடைக்கு, அடுத்ததாகக் கையில் வந்த 'டயர்ட்'.

"ஃபாண்ட்!" என்று எனிட் கத்தினாள். கிளெம் துருத்தியை அகல இழுத்தார். மிசஸ் கவ்ட்ராய் திகைத்து நின்றாள். ரசா அவள் கையைப் பிடித்தாள், சக்கரப்பையோடு சேர்த்து நடுவால் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"சொல்லுங்கம்மா, யார் மேல பிரியம்?"

"ஐயோ, நான் மீன் வாங்க..."

"உண்மையைச் சொல்லணும்!"

"மீன்கடைக்காரர் மேல!" என்று மிசஸ் கவ்ட்ராய் கூவிவிட்டாள். கூவியபின் வாயைப் பொத்திக்கொண்டாள். மீன்கடைக்காரர் வரிசையில்தான் இருந்தார், 'ரெடி' என்ற அட்டையோடு. அவர் முகம் வேகவைத்த இறால் ஆயிற்று.

அதன்பிறகு பிடிக்க முடியவில்லை. பரம்பரை பரம்பரையாக வானிலையைத் தவிர எதையும் பேசாத ஊர், நடுவால் ஓடி ஓடி உண்மையைக் கொட்டியது. பாதிரியார் பக்கத்து ஊர்ப் பாதிரியாருடைய கூட்டத்தின் மேல் பொறாமை என்றார். முடிதிருத்துபவர், அடெலினோவின் தலைமுடியை நினைத்தால் தனக்குப் பயம் என்றார். அடெலினோ 'குட்' அட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே 'அட்'டிடம் ஓடினான், ஒரு கணம்கூட 'இன்' பக்கம் திரும்பவில்லை. "எனக்கு அழ நல்லா வரும்!" என்று முழங்கினான். சதுக்கமே கைதட்டியது. ரசா ஓடி ஓடி, மூச்சிரைக்க, "'ஆஃப்'புக்கு இன்னும் நாலு பேரைப் போடுங்க டீச்சர், ஊர் பூரா என்னைத்தான் இழுக்குது" என்று கத்தினாள்.

இந்தச் சத்தத்தில்தான் ஜைல்ஸ் கெண்டியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். பார்த்தார். அவருக்கும் எனிட்டுக்கும் நடுவில் ஊர் முழுவதும் வரிசையாக நின்றது.

"மிசஸ் சல்லபாங்க்! இதை நிறுத்தியாகணும்!" என்று கையை ஆட்டினார். துருத்திப்பெட்டி அவர் குரலை விழுங்கிவிட்டது. அவர் முன்னால் ஓர் அடி வைத்தார்.

மிசஸ் கவ்ட்ராய் திரும்பினாள். அவள் மிக மென்மையாகத்தான் சொன்னாள். "தம்பி, வரிசை அங்க பாலத்துலேருந்து ஆரம்பிக்குது."

எதிரிப் படை வந்து இறங்கினாலும் இந்த நாட்டில் அந்த ஒரு வாக்கியம் போதும், படை பாலத்துக்குத் திரும்பிப் போய் நிற்கும். ஜைல்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் ஈரமான மூக்குக்கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து ஊர் அவரைப் பார்த்தது. திட்டவில்லை, சும்மா பார்த்தது. அவர் காது சிவந்தது. "மன்னிக்கணும், கவனிக்கல" என்று முனகிவிட்டுப் பாலம் வரை நடந்து, அன்னங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனிட்டை நிறுத்துவதற்கும் வரிசையில்தான் வரவேண்டியிருந்தது.

அவர் ஊர்ந்து வந்துகொண்டிருந்த நேரத்தில் எனிட் "டயர்ட்!" என்று கத்தினாள். சிவப்புக் குடை மடங்கியது. லோர்னா டிட்ஸ்வெல் ஒரு கணம் தயங்கி, பையைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு, ரசாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நல்ல கால்.

"எது அலுத்துப் போச்சு? சொல்லுங்க!" என்றாள் ரசா.

"மூடறது!" என்று லோர்னா கத்தினாள். அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்திருக்க வேண்டும். "ஊர் ஊராப் போய் எதையாவது மூடிட்டு வர்றது எனக்கு அலுத்துப் போச்சு!"

ஓட்டத்தில் அவள் மழைக்கோட்டு விலகியது. கழுத்தில் தொங்கிய மாவட்ட மன்றத்து அட்டை எனிட்டின் கண்ணில் பட்டது. எனிட் கையை உயர்த்தினாள். கிளெம் துருத்தியை மூடினார். அந்த நேரம் பார்த்து ஜைல்ஸும் வரிசையின் முன்னால் வந்து சேர்ந்தார். ரசா பழக்கதோஷத்தில் அவர் நெஞ்சிலும் ஓர் அட்டையைக் குத்தினாள். மிச்சமிருந்தது 'சாரி'.

"லோர்னா மேடம்!" ஜைல்ஸ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "உங்களை இந்த நிலைமையில... விளக்கம் சொல்றதுக்கு நான்..."

"தம்பி, உன் முறை வந்தாச்சு" என்றாள் எனிட் மேல்படியிலிருந்து. "'சாரி'க்கு நாலஞ்சு பேர் உண்டு. யாரை வேணா பிடிச்சுக்க. ஆனா உண்மையைச் சொல்லணும்."

ஜைல்ஸ் எதிர்வரிசையைப் பார்த்தார். முழு ஊரும் அவருக்காகக் காத்திருந்தது. அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த அன்னங்களும் காத்திருந்தன. மீன்கடைப் பையன் ஒருவன் நெஞ்சில் 'ஃபார்' இருந்தது, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இசையில்லாமல், ஈரக்கல்லில் டொக் டொக் என்று ஓடினார்.

"கதவைப் பூட்டினதுக்கு" என்றார் கடைசியில், மிகச் சன்னமாக. "தளத்துல ஒரு கோளாறும் இல்ல."

எனிட் படியிறங்கி லோர்னாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் தலை லோர்னாவின் தோளுக்குக் கீழே இருந்தது, ஆனாலும் லோர்னாதான் அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது.

"நீங்கதானா அது? சரி. ஒரு கேள்வி கேக்கறேன். சந்தோஷம் வேணாம், வருத்தம் வேணாம், பெருமையும் வேணாம். மெத்தை எதுவும் போடாதீங்க. என் வகுப்பை மூடறீங்களா, இல்லையா?"

"பாருங்க மிசஸ் சல்லபாங்க், உங்களைப் போல ஒருத்தர்கிட்ட பேசக் கிடைச்சதுல நான் ரொம்ப..."

"மெத்தை" என்றாள் ரசா.

"மாவட்ட மன்றம் இதைப் பரிசீலிக்கறதுக்கு எப்பவுமே ஆர்வமா..."

"மெத்தை!" என்றது வகுப்பு. மிசஸ் கவ்ட்ராயும் சேர்ந்துகொண்டாள், ஏனென்று அவளுக்குத் தெரியாது.

லோர்னா நெஞ்சில் இருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள். தூறலில் மை கரைந்து ஒழுகியது. அவள் நிமிர்ந்தாள்.

"மூட மாட்டோம்" என்றாள்.

எங்கள் ஊரில் பொது இடத்தில் ஓர் அதிகாரி இவ்வளவு சின்ன வாக்கியம் சொன்னதை யாரும் கேட்டதில்லை. பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"சாவி" என்றாள் எனிட், ஜைல்ஸ் பக்கம் கையை நீட்டி. சாவி வந்தது.

அப்போதுதான் முடிதிருத்துபவர் தொண்டையைச் செருமினார். "இடைஞ்சலுக்கு மன்னிக்கணும். அந்தக் கேக்...?"

எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளைத்துணி மேல் கேக் அப்படியே இருந்தது. ஓடி முடித்தவர்களும் திரும்பப் போய் நின்றதில் பாலம் வரைக்கும் வரிசை, நனைந்து, முறைப்படி, பொறுமையாக. இவ்வளவு நேரம் நின்றவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அனுப்பினால் இந்த ஊரில் இனி யார் எதை நம்பி எந்த வரிசையில் நிற்பார்கள்?

எனிட்டோடு முன்னால் நின்றவர்கள் மேசையைச் சுற்றிக் கூடி அவளையே பார்த்தார்கள். புன்னகையோடுதான் பார்த்தார்கள். யாரோ கத்தியை ரிப்பனோடு எடுத்து நீட்டினார்கள்.

எனிட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொட மாட்டேன்."

கத்தி நீட்டியபடி நின்றது. எங்கள் ஆட்களால் தாங்க முடியாத ஒன்று உண்டென்றால், அது இப்படி ஒரு சங்கடமான மௌனம். கேக்கின் மேல் ஒரு மழைத்துளி விழுந்து எனிட்டின் பெயரில் முதல் எழுத்து கரைந்தது. வரிசையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் காலை மாற்றி நின்றார். நல்லவரான ஜைல்ஸுக்கு அது பொறுக்கவில்லை. அவர்தான் உதவிக்குப் பிறந்தவராயிற்றே.

"நான் உதவி பண்றேன், குடுங்க" என்று கத்தியை வாங்கினார். குனிந்து, மிக நேர்த்தியாக, நடுவில் ஒரு வெட்டு வெட்டினார்.

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தது. அன்னங்கள்கூடக் கழுத்தை நிமிர்த்தின.

ஜைல்ஸ் தலை தூக்கினார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், பிறகு கேக்கை, பிறகு தன்னைச் சுற்றி மெல்ல மெல்லக் கனிந்துகொண்டிருந்த முகங்களை.

"அடடா" என்றாள் மிசஸ் கவ்ட்ராய். அவர் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். "நீங்களா போறீங்க தம்பி? இப்பத்தானே வந்தீங்க."

"இல்ல, நான் சும்மா..."

"உங்களை மறக்கவே மாட்டோம்" என்றார் பஸ் ஓட்டுநர். அன்றுதான் அவரை முதல்முறை பார்த்தவர். பாதிரியார் வாழ்த்து அட்டையை எடுத்து, எனிட் என்ற பெயரின் மேல் மெல்ல ஒரு கோடு போட்டு, பேனாவோடு ஜைல்ஸிடம் நீட்டி, பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். லோர்னா குடையை விரித்து, பக்கத்து மாவட்டத்தில் ஒரு காலியிடம் இருப்பதாக, மெத்தையெல்லாம் போட்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

எனிட் முதல் துண்டை எடுத்துக்கொண்டாள். அவள் பெயரின் கடைசி எழுத்து அதில் இருந்தது. அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மேல்படிக்கு ஏறி, கன்னம் உப்ப, சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"அடுத்த செவ்வாய், மூணு மணி, மாடியில!" என்று கத்தினாள். "'ஆஃப்'புக்கு ஆள் பத்தல. நல்ல கால் இருக்கறவங்க வாங்க!"

கிளெம் துருத்தியை விரித்தார். பாலத்துப் பக்கம் வரிசையில் புதிதாக இரண்டு பேர் வந்து நின்றார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே.